கோட்டுக்கு எவ்வளவு கிட்டே போகலாம்?

காமிக்ஸ் வரைகிறவர்கள் நாலு பேர் கூடினால், இங்க் பண்ணுவதைப் பற்றி, அதாவது பென்சில் ஸ்கெட்சின் மேல் முடிவான கருப்புக் கோட்டைப் போடுவதைப் பற்றி, ஒரு பேச்சு தவறாமல் வரும். "ஸ்கெட்ச்ல இருந்த உயிர் இங்க் பண்ணதும் போயிடுச்சு." காகிதத்தில் வரைபவர்களும் இதைச் சொல்வார்கள், டேப்லெட்டில் வரைபவர்கள் இன்னும் கொஞ்சம் அழுத்தியே சொல்வார்கள். அதற்கு அடுத்த வாக்கியமும் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: "டிஜிட்டல்னாலே அப்படித்தான், காகிதத்துல வர்ற கோடு இதுல வராது." இந்த இரண்டாவது வாக்கியம்தான் ரொம்ப நாளாக என்னை உறுத்திக்கொண்டிருந்தது. முதலாவது உண்மை, என் பக்கங்களிலேயே பார்த்திருக்கிறேன். இரண்டாவதை மனம் ஏற்கவில்லை. கண்ணாடிக்கும் பிளாஸ்டிக் முனைக்கும் கோட்டைச் சாகடிக்கும் சக்தி உண்டு என்றால், அதே கருவியில் அற்புதமாக வரைகிறவர்களின் கோடு மட்டும் எப்படித் துடிப்போடு இருக்கிறது? திறமை என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். ஆனால் அந்தத் திறமை கையில் எங்கே இருக்கிறது, திரையில் எந்த இடத்தில் நழுவிப் போகிறது என்று பார்க்காமல் விட எனக்கு மனம் வரவில்லை.

பென்சில் ஏன் நன்றாகத் தெரிகிறது என்பதிலிருந்து தொடங்கலாம். ஒரு தோளை வரையும்போது பென்சில் ஐந்தாறு கோடு போடுகிறது. ஒன்று கொஞ்சம் உள்ளே, ஒன்று வெளியே, ஒன்று பாதியில் நின்றுவிட்டது. பார்க்கிற கண் அந்தக் கூட்டத்திலிருந்து தனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்கிறது. தோள் இப்போதுதான் அசைந்து நின்ற மாதிரி ஒரு தோற்றம் அதனால் கிடைக்கிறது. இங்க்கில் அந்த வசதி கிடையாது. ஒரு கோட்டைத் தேர்ந்தெடுத்தாக வேண்டும், மற்றவற்றைக் கைவிட்டாக வேண்டும். பென்சில் பார்ப்பவர் பொறுப்பில் விட்டதை இங்க் தன் பொறுப்பில் எடுத்துக்கொள்கிறது. அதனால்தான் இது நகலெடுக்கும் வேலை கிடையாது என்று எல்லோரும் சொல்கிறோம். சொல்வது எளிது. பென்சில் லேயரின் (மென்பொருளில் கண்ணாடித் தாள் போல ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கும் பரப்பு) மேல் ஒரு புது லேயரைப் போட்டு உட்கார்ந்ததும் கை தானாகவே நகலெடுக்கத்தான் போகிறது.

டின்டின் கதைகளை வரைந்த பெல்ஜிய ஓவியர் எர்ஜேயின் பக்கங்களை இதற்காகவே நான் திரும்பத் திரும்பப் பார்ப்பதுண்டு. அச்சில் அவருடைய கோடு எல்லா இடத்திலும் கிட்டத்தட்ட ஒரே தடிமன். குறுக்குக் கோடுகள் போட்டு நிழல் காட்டும் வழக்கம் இல்லை. 1977இல் டச்சு ஓவியர் யோஸ்ட் ஸ்வார்ட்டே அந்தப் பாணிக்குத் 'தெளிந்த கோடு' என்று பொருள் வரும் ஒரு பெயரை வைத்தார், அதுவே நிலைத்துவிட்டது. ஆனால் எர்ஜேயின் பென்சில் பக்கங்கள் அதற்கு நேரெதிர். ஓடுகிற ஒரு காலுக்குக் காகிதமே தேய்ந்துபோகிற அளவுக்குக் கோட்டின் மேல் கோடு. அந்தக் கூட்டத்தில் ஓட்டத்தைச் சரியாகச் சொல்லும் கோடு எதுவோ, அதை மட்டும் டிரேசிங் பேப்பரில் எடுத்துக்கொள்வார். தடிமன் ஏறி இறங்கினால்தான் கோடு பேசும் என்று பாடமாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. தடிமனே மாறாத கோடும் பேசும், சரியான கோட்டைத் தேர்ந்தெடுத்திருந்தால். தேர்வுதான் முதலில், தடிமனெல்லாம் அப்புறம்.

குடை பிடித்த கை

எனக்கு மூத்த ஓவியர் ஒருவர் இருக்கிறார். அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். பல வருடங்கள் தூரிகையும் இந்தியன் இங்க்கும் வைத்து வேலை செய்தவர். அவர் பென்சிலில் வரைந்த ஒரு சின்னக் கதையை டிஜிட்டலில் இங்க் பண்ணும் வேலை என்னிடம் வந்தது. ஒரு பக்கத்தின் கடைசி பேனலில் (கட்டத்தில்) ஒரு கிழவி மழையில் குடையோடு நிற்கிறாள். காற்று குடையைப் பிடுங்கப் பார்க்கிறது. கதை நெடுக அவள் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவள் யார், எதற்காக அங்கே நிற்கிறாள் என்பதெல்லாம் குடைக் காம்பை இறுக்கியிருக்கும் அந்தக் கையில்தான் இருக்கிறது. அது தெரிந்துதான் அந்தக் கைக்கு மற்ற எதையும்விட அதிக நேரம் கொடுத்தேன்.

பக்கத்தைப் பார்த்துவிட்டு அவர் சொன்னார்: "கோடெல்லாம் சுத்தமா இருக்குப்பா. ஆனா கை பிடிக்கவே இல்லையே. குடை மேல சும்மா வச்ச மாதிரி இருக்கு." பென்சிலையும் இங்க்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பென்சில் இருந்த இடத்தில்தான் இங்க்கும் இருந்தது. மயிரிழை விலகவில்லை. 400 சதவீதத்துக்குப் பெரிதாக்கிப் பார்த்தாலும் ஒரு நடுக்கம் கிடையாது. ஆனால் அவர் சொன்னது சரி. பென்சிலில் இருந்த கிழவி குடையை விடமாட்டாள். இங்க்கில் இருந்தவள் எந்த நிமிடமும் விட்டுவிடுவாள்.

அவர் மேற்கொண்டு விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பென்சில் லேயரை மட்டும் இளநீலத்தில் பிரின்ட் எடுத்துத் தரச் சொன்னார். இளநீலம் கேட்டது பழைய பழக்கம். பக்கங்களைக் கேமராவில் படமெடுத்து அச்சு பிளேட் செய்த காலத்தில், அதற்குப் பயன்பட்ட லித் ஃபிலிமுக்கு அந்த நீலம் கண்ணிலேயே படாது. அதனால் நீலப் பென்சிலை அழிக்க வேண்டிய அவசியமில்லை. இன்றைக்கு லேயரை ஒரு கிளிக்கில் மறைத்துவிடலாம், இருந்தும் கிளிப் ஸ்டுடியோ மாதிரி மென்பொருள்களில் ஸ்கெட்ச் லேயரை நீலமாகக் காட்டும் வசதி அப்படியே இருக்கிறது. நானும் நீலத்தில்தான் வைத்துக்கொள்கிறேன். சாம்பல் நிற ஸ்கெட்சின் மேல் கருப்புக் கோடு போட்டால், எது இங்க், எது பென்சில் என்று கண் குழம்பும். இருக்கிற பென்சிலையும் சேர்த்துப் பார்த்துக் கோடு போதும் என்று நினைத்துவிடும். நீலத்தில் அந்த ஏமாற்றம் குறைவு.

பிரின்ட்டை அவர் கையில் கொடுத்ததும் கையை முழுக்க நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். பிறகு தூரிகையை எடுத்து, ஒரு வெளிக்கோடும் போடாமல், நேராகக் கருப்பை வைத்தார். உள்ளங்கைக்கும் காம்புக்கும் நடுவில் ஒரு கருப்பு. விரல்களுக்கு இடையில் இரண்டு சின்னக் கருப்பு. புடவை முந்தானை மணிக்கட்டின் மேல் விழுந்த இடத்தில் ஒரு பெரிய கருப்பு. இன்னும் ஒரு விரலைக்கூட வரையவில்லை, ஆனால் கை காம்பை இறுக்கிவிட்டது. அப்புறம்தான் கோடு. ஆள்காட்டி விரலின் கணுவுக்கு அடியில் தடிமனாக ஒன்று, நகத்தை நோக்கி மெலிந்து போயிற்று. கணுவின் மேல்பக்கத்தில், வெளிச்சம் படுகிற இடத்தில், கோடே இல்லை, விட்டுவிட்டார். மூன்றாவது விரலுக்கு வெளிக்கோடு என்று ஒன்று போடவே இல்லை. இரண்டு பக்கத்துக் கருப்பும் சேர்ந்து அதை விரலாக்கிவிட்டன. நான் அதைக் கேட்டபோது, "நிழல் சொல்லிடுச்சுன்னா கோடு எதுக்கு?" என்றார்.

அவர் வரையும்போது நான் அவர் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தேன். அது தூரிகையின் நுனியில் இல்லை. கோடு எங்கே போய் முடிய வேண்டுமோ அந்த இடத்தில் இருந்தது. கை பின்னாலேயே அங்கே போய்ச் சேர்ந்தது.

"இவ்ளோ சின்ன இடத்துல எப்படிண்ணே?" என்று கேட்டேன்.

"சின்னதாவா இருக்கு? படிக்கிறவங்க இதைவிடச் சின்னதாத்தானே பார்க்கப் போறாங்க."

இந்தப் பதில்தான் எனக்கு விஷயத்தைத் திறந்துவிட்டது. அவரும் நானும் ஒரே பென்சிலைத்தான் இங்க் பண்ணினோம். கருவி வேறு, அனுபவம் வேறு, அதெல்லாம் சரி. ஆனால் இருவரும் அந்தக் கையைப் பார்த்த தூரமே வேறு.

ஜூம் செய்கிற வேலை

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இந்தத் தூரம் எவ்வளவு என்று தெரியும். அமெரிக்க காமிக்ஸில் 11க்கு 17 அங்குல அட்டையில், 10க்கு 15 அங்குலப் பரப்பில் வரைவது வழக்கம். அச்சில் அது ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்காகச் சுருங்கும். 600 டிபிஐயில் (ஓர் அங்குலத்துக்கு 600 புள்ளி) அந்தப் பரப்பு 6000க்கு 9000 பிக்சல். 1080 பிக்சல் உயரமுள்ள திரையில் அதை 100 சதவீதத்தில் வைத்தால், 15 அங்குலத்தில் வெறும் 1.8 அங்குலம்தான் கண்ணுக்குத் தெரியும். 24 அங்குல மானிட்டராக இருந்தால் ஓர் அங்குலத்துக்குச் சுமார் 92 பிக்சல். அதாவது 100 சதவீதத்தில் நாம் பார்ப்பது அட்டை அளவைப்போல ஆறரை மடங்கு, அச்சளவைப்போல கிட்டத்தட்ட 10 மடங்கு. 200 சதவீதத்துக்குப் போனால் 20 மடங்கு. திரையில் 2 மில்லிமீட்டர் நடுங்கிய கோடு புத்தகத்தில் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் நடுங்கும். யாருக்கும் தெரியப் போவதில்லை. ஆனால் அந்த நடுக்கத்தைச் சரிசெய்யத்தான் முழு மாலையும் போகிறது.

நேரம் போவதுகூட இரண்டாவதுதான். பெரிதாக்கும்போது கோட்டை வரைகிற உறுப்பே மாறிவிடுகிறது. இதைப் பற்றிப் பேசுபவர்கள் குறைவு. கண் இமையை அட்டையில் விரலாலேயே சுண்டி வரைவோம். முழங்கையால் ஒரு நீளக் கோட்டை இழுப்போம். கன்னத்தின் வளைவு மணிக்கட்டில் வரும். எந்தக் கோட்டுக்கு எந்த மூட்டு என்பது கைக்கு வருடக்கணக்கில் பழகிப்போன விஷயம். 10 மடங்கு பெரிதாக்கிய திரையில் இமை ஒரு சாண் நீளத்துக்கு இருக்கிறது. அதை விரலால் சுண்ட முடியாது, முழங்கையை அசைத்து மெதுவாக இழுத்தாக வேண்டும். இமைக்கு உரிய துள்ளல் அந்த அசைவில் கிடையாது. மறுபக்கம், பக்கத்தின் குறுக்கே ஒரே இழுப்பில் போக வேண்டிய குடைக் காம்பு திரையில் அடங்காது. நாலு துண்டாகப் போட்டு ஒட்ட வேண்டியிருக்கும். ஆக, குட்டையான கோடு விறைத்துப்போகிறது, நீளமான கோடு துண்டுபடுகிறது. பிறகு முழுப் பக்கத்தையும் பார்த்துவிட்டு டிஜிட்டல் கோட்டில் உயிர் இல்லை என்கிறோம்.

அண்ணன் வரைந்ததைப் பார்த்த பிறகு நான் செய்த முதல் காரியம், ஓர் அளவுகோலைத் திரையின் மேல் வைத்து, பக்கத்தின் 10 அங்குலம் அளவுகோலிலும் 10 அங்குலமாக வரும்வரை ஜூமை மாற்றியதுதான். என் திரையில் அது 15, 16 சதவீதத்துக்குப் பக்கத்தில் வந்து நின்றது. அந்த எண்ணைப் பார்த்தால் ரொம்பக் குறைவாகத் தோன்றும். ஆனால் அட்டையை மேசையில் வைத்தால் கண்ணுக்குத் தெரிகிற அளவு அதுதான். சில மென்பொருள்களில் 'பிரின்ட் சைஸ்' என்றே ஒரு காட்சி உண்டு. திரையின் தெளிவுத்திறனைச் சரியாகக் கொடுத்துவைத்தால் அது நம்பக்கூடியது. இதில் ஒரு நிஜமான சிக்கலும் இருக்கிறது. அந்த அளவில் திரையின் ஒரு பிக்சலின் அகலத்துக்குள் படத்தின் ஆறேழு பிக்சல்கள் அடங்கிவிடுவதால், மெல்லிய கோடு மங்கலாகத் தெரியும். அதற்காகக் கொஞ்சம் கிட்டே போகலாம், 25, 30 சதவீதம் வரை. அதைத் தாண்டினால் ஒரு காரணம் வேண்டும் என்று எனக்கு நானே வைத்துக்கொண்டேன். கண்ணுக்குள் இருக்கும் வெளிச்சப் புள்ளி, தூரத்து ஜன்னல், இந்த மாதிரி. கிட்டே போய் வேலையை முடித்ததும் உடனே வெளியே வந்துவிட வேண்டும்.

திரையில்லாத டேப்லெட் வைத்திருப்பவர்களுக்கு இதில் இன்னொரு அடுக்கு சேரும். டேப்லெட்டின் வரையும் பரப்பு சிறியது, மானிட்டர் பெரியது. கை ஓர் அங்குலம் நகர்ந்தால் திரையில் கோடு இரண்டு அங்குலம் போகிறது. அங்கே ஜூமைக் கொஞ்சம் கூட்டிவைப்பது நியாயம்தான், ஏனென்றால் கையின் அசைவு எவ்வளவு என்பதே கணக்கு. திரையைப் பார்த்து முடிவு செய்யாமல், டேப்லெட்டின் மேல் கை எத்தனை அங்குலம் நகர்கிறது என்று பார்த்து முடிவு செய்ய வேண்டும்.

கோடு எவ்வளவு மெலியலாம் என்பதற்கும் இதே கணக்கு உதவுகிறது. 600 டிபிஐயில் ஒரு பிக்சல் 0.042 மில்லிமீட்டர். அச்சில் சுருங்கியபின் 0.028. அவ்வளவு மெல்லிய கோடு தாளில் நிற்காது, அங்கங்கே உடைந்துபோகும். என் மெல்லிய கோட்டையும் நாலு பிக்சலுக்குக் கீழே விடுவதில்லை. பெரிதாக்கிப் பார்த்தால் நாலு பிக்சல் முரட்டுத்தனமாகத் தெரியும். அதை நம்பி மெலித்துவிடக் கூடாது.

நடுக்கத்தை எடுப்பவர் எதை எடுக்கிறார்

ஜூமுக்கு அடுத்தபடியாக எனக்குச் சொல்ல வேண்டியிருப்பது ஸ்டெபிலைசரைப் பற்றி. புரோகிரியேட் என்ற வரையும் செயலியில் ஸ்ட்ரீம்லைன் என்பார்கள், வேறு இடங்களில் வேறு பெயர். செய்யும் வேலை பொதுவாக ஒன்றுதான். ஸ்டைலஸ் (டேப்லெட் பேனா) இப்போது தொட்ட புள்ளியை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், கடந்த சில புள்ளிகளோடு சேர்த்துச் சராசரி போட்டு, அந்தச் சராசரி வழியாகக் கோட்டை இழுத்துவருகிறது. அளவைக் கூட்டக் கூட்டக் கோடு முனைக்குப் பின்னால் தங்கித் தங்கி வரும். நடுக்கம் போய்விடும். நடுக்கத்தோடு சேர்ந்து, கணுவில் கோடு சட்டென்று திரும்பும் அந்தக் கூர்மையும் போய்விடும். சராசரிக்கு நடுக்கம் எது, திருப்பம் எது என்று தெரியாதே. எலும்பு இருக்கிற இடமெல்லாம் ரப்பர் குழாயாக வளைவது இதனால்தான். என் முதல் குடைப் பிடியில் விரல்கள் வழுக்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதில் வேகம் இன்னும் முக்கியம். ஸ்டெபிலைசர் அதிகமாக இருந்தால் எவ்வளவு மெதுவாக இழுத்தாலும் கோடு வழவழப்பாக வரும். அதனால் கை மெதுவாகப் போகப் பழகிவிடுகிறது. உங்கள் கையெழுத்தை வழக்கம்போலப் போட்டுவிட்டு, பக்கத்திலேயே அதைப் பார்த்து நிதானமாக ஒருமுறை வரைந்து பாருங்கள். இரண்டாவது கள்ளக் கையெழுத்து மாதிரியே இருக்கும், போட்டவர் நீங்களேயானாலும். இங்க் கோட்டுக்கும் அதே கதிதான். வேகமாகப் போகிற கை முடிவில் தானாகவே எழும்பும், எழும்பும்போது அழுத்தம் குறையும், கோடு கூராக முடியும். மெதுவான கையில் அது நடப்பதில்லை என்பதால் கோட்டின் தொடக்கத்தையும் முடிவையும் செயற்கையாகக் கூராக்கும் அமைப்பு ஒன்றைப் போட்டுக்கொள்கிறார்கள். அப்போது எல்லாக் கோடும் ஒரே மாதிரி முடியும். தலைமுடியும் அப்படி, கம்பியும் அப்படி, கன்னமும் அப்படி. பார்க்கிறவருக்கு எது என்னவென்று சொல்லத் தெரியாவிட்டாலும் ஏதோ போலியாக இருக்கிறது என்று பட்டுவிடும். கட்டடம், வண்டி, பேனல் கட்டம் இவற்றுக்கு ஸ்டெபிலைசரைத் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். உடம்புக்கும் துணிக்கும் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது என்பது என் முடிவு.

அழுத்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஸ்டைலஸ் வாங்கும்போது 8192 நிலை அழுத்தம் என்று எண்ணைப் பார்த்து ஆசைப்படுகிறோம். எந்தக் கையாலும் அத்தனை நிலையைப் பிரித்து அழுத்த முடியாது. கோட்டைத் தீர்மானிப்பது முனை எவ்வளவு லேசாகத் தொட்டால் பதிகிறது என்பதும், பிரஷர் கர்வ் (எவ்வளவு அழுத்தினால் எவ்வளவு தடிமன் என்று தீர்மானிக்கும் வளைகோடு) எந்த வடிவில் இருக்கிறது என்பதும்தான். நான் கர்வைக் கொஞ்சம் கடினமாக வைத்திருக்கிறேன். சாதாரணமாகப் பிடித்தால் நடுத்தரக் கோடு, வேண்டுமென்றே அழுத்தினால் மட்டும் தடித்த கோடு. இரண்டையும் மனதால் தீர்மானிக்க இடம் கிடைக்கிறது.

வண்ணத்துக்காக மூடிய கோடுகள்

அண்ணன் கணுவின் மேல் விட்டுவைத்த அந்த இடைவெளியை என் லேயரில் நானும் விட்டபோதுதான் இன்னொன்று கண்ணில் பட்டது. டிஜிட்டல் காமிக்ஸில் கோடு இவ்வளவு இறுக்கமாக எல்லா இடத்திலும் மூடியிருப்பதற்குப் பெரிய காரணம் பெயின்ட் பக்கெட், அதாவது மூடிய பரப்பை ஒரே தட்டில் வண்ணத்தால் நிரப்பும் கருவி. ஒரு சின்ன இடைவெளி இருந்தாலும் வண்ணம் பக்கம் முழுவதும் கொட்டிவிடும். அதனால் வண்ணம் போடுபவரை நினைத்து இங்க் பண்ணும்போதே எல்லா விளிம்பையும் மூடிவிடுகிறோம். வெளிச்சம் படும் இடத்தில் கோடு விட்டுப்போக வேண்டும் என்ற பழைய அறிவு இப்படித்தான் சத்தமில்லாமல் காணாமல் போகிறது. ஓவியம் சம்பந்தப்பட்ட ஒரு முடிவை வாளி எடுத்துக்கொண்டது. இது தேவையே இல்லை. சின்ன இடைவெளிகளைத் தானே மூடிக்கொண்டு நிரப்பும் வசதி இப்போது பல மென்பொருள்களில் உண்டு. இல்லாவிட்டால் லாசோ என்ற தேர்வுக் கருவியால் சுற்றி வளைத்து நிரப்பலாம். அதுவும் வேண்டாமென்றால், வண்ணத்துக்காக மட்டும் ஒரு தனி லேயரில் இடைவெளிகளை மூடி, கடைசியில் அதை மறைத்துவிடலாம். வண்ணம் போடுகிறவர்களிடம் இதை முன்னாடியே பேசிவைத்துக்கொண்டால் யாருக்கும் கஷ்டமில்லை.

இப்படிச் சொல்வதால் டிஜிட்டலில் எல்லாமே கெடுதல் என்று பொருளில்லை. வெக்டர் லேயரில், அதாவது கோடுகளைப் பிக்சல்களாக இல்லாமல் திருத்தக்கூடிய கோடுகளாகவே வைத்திருக்கும் லேயரில், ஒரு கோட்டை அது இன்னொரு கோட்டைத் தொடும் இடம்வரை மட்டும் ஒரே தட்டில் அழிக்கும் அழிப்பான் இருக்கிறது. அது வந்தபின் தலைமுடி வரைவதே எனக்கு மகிழ்ச்சியான வேலையாகிவிட்டது. நெற்றியைத் தாண்டி, தோளைத் தாண்டி, கை எங்கே போக விரும்புகிறதோ அங்கேவரை முழு வேகத்தில் முடியை இழுத்துவிட்டு, தாண்டியதை மட்டும் தட்டித் தட்டி எடுத்துவிடலாம். காகிதத்தில் விளிம்பருகே வந்ததும் கை தயங்கும். இங்கே தயங்க வேண்டியதில்லை. கோட்டின் வேகத்தைக் காப்பாற்றும் கருவி இது. அதே வெக்டர் லேயரில் ஒவ்வொரு புள்ளியாகப் பிடித்து இழுத்து வளைவைத் திருத்த உட்காருவது நேர் எதிரான வேலை. நான் அதைக் கட்டடங்களோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போட்ட கோட்டை ஒரே தட்டில் திரும்ப எடுக்கும் அண்டூவைப் பற்றியும் நிறையப் பேர் கோபமாக எழுதுகிறார்கள், அந்த விசையையே முடக்கிவைத்துப் பழகுங்கள் என்று. எனக்கு அதில் உடன்பாடில்லை. தூரிகைக்காரர்களும் வெள்ளைப் பூச்சு வைத்திருந்தார்கள், பேனல் மேல் புதுத்தாள் ஒட்டி மறுபடி வரைந்தார்கள். எந்தக் கோடு வேண்டும் என்று மனதில் தெளிவாக இருந்து, கை அதைத் தவறவிட்டால், மறுபடி இழுப்பது ஒழுங்கான உழைப்பு. எது வேண்டும் என்று தெரியாமல், எதாவது நல்லதாக விழுமா என்று இழுத்து இழுத்து அழிப்பதுதான் வீண். அண்ணன் கையை நீட்டிப் பிடித்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்த அந்த நேரம் இந்த வீண் வேலையைத் தவிர்க்கிற நேரம்தான். திரையில் அதற்கு ஈடாக நான் செய்வது, அதே பக்கத்தை இரண்டாவது ஜன்னலில் அச்சளவில் ஓரமாகத் திறந்துவைப்பது. பெரிய ஜன்னலில் ஒரு கோடு போட்டால் சின்னதிலும் அது விழும். சின்னதில் கண்ணுக்குப் படாத கோடு எனக்கு வேண்டாத கோடு.

கருவியா, ஆளா

1985இல் மைக் சேன்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் மேக்கின்டோஷில் ஒரு காமிக்ஸ் வரைந்தார். அந்தத் திரை 512க்கு 342 பிக்சல். கருப்பு அல்லது வெள்ளை, நடுவில் எதுவும் இல்லை. கையில் மவுஸ், அழுத்தம் என்ற பேச்சுக்கே இடமில்லை. படிக்கட்டுப் படிக்கட்டாகத்தான் கோடு விழும். அந்தப் பக்கங்களை இன்று பார்த்தாலும் அதில் ஒரு ஓவியர் முடிவெடுத்திருப்பது தெரிகிறது: எந்த முகத்தில் எவ்வளவு கருப்பு, எதை விடுவது. கருவி இவ்வளவு மோசமாக இருந்தும் அந்த முடிவுகளை அது தடுக்கவில்லை என்றால், நம் கையில் இருக்கும் கருவியைக் குறை சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

மறுபக்கம், ஒரே பென்சில் வெவ்வேறு இங்க்கரிடம் போனால் என்ன ஆகிறது என்பதற்கு அமெரிக்க காமிக்ஸ் ஓவியர் ஜாக் கிர்பியின் பக்கங்கள் போதும். 1965இலிருந்து ஃபென்டாஸ்டிக் ஃபோர் என்ற சூப்பர்ஹீரோ தொடரில் ஜோ சின்னட் அவருக்குத் தொடர்ந்து இங்க் பண்ணினார். அதற்கு முந்தைய இதழ்களோடு வைத்துப் பார்த்தால், இரும்பு இரும்பாகவும் பாறை பாறையாகவும் மாறியிருப்பது தெரியும். வரைந்தவர் ஒருவர்தான், தொடர் ஒன்றுதான். இங்க் என்பது பென்சிலுக்குச் செய்கிற உதவி வேலை என்று நினைக்கிற எவருக்கும் இந்த ஒப்பீட்டை நான் சிபாரிசு செய்வேன்.

குடை பேனலை அப்புறம் முழுக்க மறுபடி செய்தேன். பென்சில் லேயரை 20 சதவீதத்துக்கு மங்கலாக்கி, அட்டை அளவில் வைத்து, முதலில் கருப்பு. பாதி வேலையில் பென்சிலை மறைத்துவிட்டேன். அதிலிருந்து என் கோடுகளே எனக்கு என்ன குறைகிறது என்று சொல்ல ஆரம்பித்தன. பென்சில் இருக்கும்வரை அதில் விடுபட்டது எது என்றுதான் கண் தேடும். அது போனதும் படத்துக்கு என்ன வேண்டும் என்று தேடுகிறது. கட்டை விரலுக்கு மட்டும் மறுபடி பென்சிலைத் திறந்து பார்த்தேன். மணிக்கட்டில் அவர் போட்டதைவிடக் கருப்பு எனக்கு அதிகம் தேவைப்பட்டது, டிஜிட்டல் கருப்பு ஒரே சீராக விழுவதால் அதன் விளிம்பை உலர்ந்த தூரிகை மாதிரி கொஞ்சம் கிழிக்கவும் வேண்டியிருந்தது. மழையைக் கடைசியில் போட்டேன். வெள்ளைக் கோட்டைத் தனி லேயரில் வைக்காமல், அதே தூரிகையை, பட்ட இடத்தை அழிக்கிற நிறமில்லாத வண்ணத்தில் வைத்துக் கருப்பின் மேலேயே இழுத்தேன். கோடு கருப்பைக் கீறிக்கொண்டு போவதால் தூரிகையின் குணம் மழைக்கும் வந்தது.

அண்ணன் பார்த்தார். கை சரி என்றார். முந்தானையின் கருப்பு குடைக் கருப்போடு ஒட்டிக்கொண்டு ஒரே உருவமாகத் தெரிகிறது, நடுவில் ஒரு வெளிச்சக் கீற்று விடு என்றார். விட்டேன். இப்போது அவருடைய அடுத்த கதை வந்திருக்கிறது. அதில் ஒரு பேனல் முழுக்கக் கூட்டம். அச்சில் ஒவ்வொரு முகமும் 4 மில்லிமீட்டர்கூட இருக்காது. அந்த அளவில் கண்ணுக்கு ஒரு தொடல், மூக்குக்கு ஒரு நிழல், வாய் வேண்டுமா வேண்டாமா என்பது ஆளைப் பொறுத்தது. அவர் பென்சிலில் இருபது முகத்துக்கும் புருவம்வரை வரைந்திருக்கிறார். எதையெல்லாம் விடப்போகிறேன் என்று அச்சளவு ஜன்னலில் பார்த்துக் குறித்துக்கொண்டிருக்கிறேன். இங்க்கை நாளைக்குத் தொடங்க வேண்டும்.